சஃபர் என்ற சொல்லும் பெரியப்பாவின் தோளும்

'சஃபர்' என்ற ஆங்கிலச் சொல்லை நான் என் மாணவர்களுக்குச் சற்று அதிகமாகவே விளக்கிவிட்டேன். மருதனார்மடத்தில் பின்னேரங்களில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். துன்பப்படுதல் என்று ஒரே வரியில் முடித்திருக்கலாம். ஆனால் எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். ஒரு சொல்லைக் கண்டால் வேர்வரை கிண்டாமல் விடமாட்டேன். வெங்காயம் கிண்டுகிற குடும்பத்தில் பிறந்த பழக்கம்.

லத்தீனில் 'சப்' என்றால் கீழே. 'ஃபெர்ரே' என்றால் சுமத்தல். இரண்டும் ஒட்டி, பிரெஞ்சுக்காரர் வாயில் கொஞ்சம் தேய்ந்து, ஆங்கிலத்துக்கு வந்தது. ஆகவே இந்தச் சொல்லின் அடியில் கண்ணீரோ புலம்பலோ இல்லை. ஒரு பாரத்துக்குக் கீழே ஒருவன் நிற்கிறான், அவ்வளவுதான். முன்பெல்லாம் 'இடங்கொடுத்தல்' என்றும் அதற்குப் பொருள் இருந்ததாம்: ஒருவர் செய்வதைத் தடுக்காமல் பொறுத்துக்கொள்வது. எங்கள் கோயில்களில் சாமியைத் தோளில் காவுகிறோமே, அதுதான் அசல் சஃபர் என்று மேசையில் தட்டிப் பாடத்தை முடித்தேன்.

அதுவரை நான் ஒருநாளும் சாமி காவியதில்லை.

சுன்னாகத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்க் கோயில். எருது வாகனத்தின் இடப்பக்கக் காவுதடியில் பின் முனை இரண்டு பேருக்குரியது. ஒன்று எங்கள் வீட்டு இடம், அப்பா காவிவந்தது. மற்றதில் அப்பாவின் ஒன்றுவிட்ட தமையன், எனக்குப் பெரியப்பா. இந்த வருடம் திருவிழாவுக்குச் சில கிழமைக்கு முன் அப்பாவின் தோள்மூட்டில் சத்திரசிகிச்சை நடந்தது. வழக்கம் கண்டிப்பானது: வீட்டிலிருந்து ஒருவர் தோள் கொடுக்கவேண்டும், வீதி சுற்றி முடியமுன் தோளை எடுத்தால் அந்த இடம் வேறு வீட்டுக்குப் போய்விடும். பெரியப்பா அந்த இடத்துக்குத் தன் மருமகனை ஆயத்தமாக வைத்திருந்தார். கரும்பலகையில் வெண்கட்டி பிடிக்கிற கைக்கு எருது எதற்கு என்று அவர் என்னைப் பற்றிக் கோயிலடியில் கேட்டது வீடுவரை வந்து சேர்ந்தது. அப்பா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

நான் காவுகிறேன் என்றேன். அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, பெரியபிள்ளையான பெட்டைக்குக் கொடுப்பதுபோல, ஒரு கிழமை உளுத்தங்களி கிண்டித் தந்தார்.

காவுகிறவர்களை உயரம் பார்த்துத்தான் சோடி சேர்ப்பார்கள். பின் முனை மட்டும் வீட்டு உரிமை என்பதால் அங்கே யாரும் உயரம் பார்த்ததில்லை. பெரியப்பா கட்டை ஆள். அப்பா அவரைவிட நாலு விரல் உயரம். நானோ அப்பாவைவிட இன்னும் நாலு விரல் உயரம்.

திருவிழாவன்று எருது எழும்பியது. தெற்கு வீதி பாதி போகமுன்னமே தடி என் தோளுக்குள் இறங்கத் தொடங்கியது. பக்கத்தில் பெரியப்பா கண்ணை இறுக மூடி, பல்லைக் கடித்து, நெற்றி நரம்பு புடைக்க நடந்தார். பார்த்த பெண்கள் அவரைக் கும்பிட்டார்கள். நான் மெல்லத் திரும்பிப் பார்த்தேன். தடிக்கும் அவர் தோளுக்கும் நடுவில் என் அகராதியைத் தாராளமாகச் செருகலாம். உள்ளங்கையைத் தடியில் ஒட்டிக்கொண்டு மனிதர் முகத்தால் காவிக்கொண்டிருந்தார்.

அப்பாவின் மூட்டு ஏன் தேய்ந்தது என்பது அங்கேயே விளங்கியது. பாரத்துக்குக் கீழே நிற்பதைப் பற்றிச் சொன்ன அகராதிக்காரர், இரண்டு பேர் நின்றால் யார் தோளில் பாரம் என்று ஒரு வரி எழுதியிருக்கலாம்.

மேற்கு வீதியில் தோள் உரிந்தது. மருமகன் சால்வையை இடுப்பில் இறுக்கிக் கட்டியபடி கூடவே வந்தான். "மச்சான், ஏலாட்டிச் சொல்லுங்கோ, நான் தோள் தாறன்," என்று இரண்டு தரம் மிகவும் அன்பாகக் கேட்டான். வடக்கு வீதி முடிகிற மூலையில் அப்பாவைக் கண்டேன். கழுத்தில் கட்டிய துணியில் கையைத் தொங்கவிட்டபடி, கதிரையை விட்டு எழும்பி, என் தோளை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றார்.

தோளைத்தானே எடுக்கக்கூடாது. நான் எடுக்கவில்லை. முழங்காலைக் கொஞ்சம் மடித்தேன்.

எருது அலுங்காமல் பெரியப்பாவின் தோளில் வந்து இருந்தது.

அவரிடமிருந்து வந்த சத்தத்தை அந்தக் கோயிலில் அதற்குமுன் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். உரு வந்துவிட்டது, சாமி இறங்கிவிட்டது என்று யாரோ சொல்ல, தவில்காரர் வேகத்தைக் கூட்டினார். ஒரு பெண் ஓடிவந்து பெரியப்பாவின் நெற்றியில் திருநீறு பூசினார்.

"டேய், நிமிந்து நில்லடா," என்றார் பெரியப்பா, பல்லிடுக்கால்.

"ஏலாட்டிச் சொல்லுங்கோ, பெரியப்பா."

சொன்னால் அவருடைய இடம் போய்விடும். நாலு அடி தள்ளாடினார். "அரைவாசி அரைவாசி," என்றார் பிறகு. நான் முழங்காலைப் பாதி நிமிர்த்தினேன். அப்படியே இரண்டு பேருமாக வாசலில் கொண்டுபோய் இறக்கினோம்.

தண்ணீர்ப் பந்தலில் தர்மகர்த்தா எங்கள் வீட்டு இடத்தைப் பற்றிக் கேட்டார். பெரியப்பா தோளைத் தடவியபடி, "அது உவையின்ரை இடந்தான். பெடியன் காவுவான்," என்றார். மோரை ஒரு மிடறு குடித்துவிட்டுத் தொடர்ந்தார். "என்னை மட்டும் அடுத்த வருசம் முன்னுக்கு மாத்தி விடுங்கோ."

அப்பா அவருடைய பேணியில் இன்னும் கொஞ்சம் மோர் வார்த்தார்.

"ஏன் அண்ணை, இவ்வளவு வருசமும் அதிலை வசதியாத்தானே நிண்டனீங்கள்?"