பூசைப் பட்டும் ஐந்தாம் பாரமும்

ஆவுடைநாயகம் என்ற பெயரை நான் முதன்முதலாகக் கேட்டது ஒரு சண்டைக்கு நடுவில்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதின்மூன்று, ஆனி மாதம். எனக்குப் பதினொரு வயது. களக்காட்டிலிருந்து அம்மையும் நானும் அம்பாசமுத்திரத்துப் பெரியம்மை வீட்டு வாசலில் வண்டியை விட்டு இறங்குகிறோம், உள்ளே குற்றாலலிங்கம் பெரியப்பா ஒரு தாளை ஆட்டிக்கொண்டு கத்துகிறார்.

"ஆவுடைநாயகம், ஐந்தாம் பாரம்னு போட்டிருக்கு. கீழ நான் கையெழுத்துப் போடணுமாம்!"

யார் அந்த ஆவுடைநாயகம் என்று எட்டிப் பார்த்தால் நம்ம மணி அண்ணன்! பெரியப்பாவின் மகன். தாத்தா பெயரை அவனுக்கு வைத்திருந்தார்கள். மாமனார் பெயரைப் பிரம்மநாயகிப் பெரியம்மை வாயால் சொல்லக் கூடாதே, அதனால் அவளுக்கு அவன் மணி. அவளைப் பார்த்து எங்களுக்கும் மணி.

விஷயம் இதுதான். ஐந்தாம் பாரத்தில், அதாவது பத்தாம் வகுப்பில், விருப்பப் பாடம் எடுக்க வேண்டும். சரித்திரம் எடுத்தால் பின்னால் வக்கீலாகலாம் என்பது பெரியப்பாவின் ஆசை. அண்ணன் கணக்கும் பௌதிகமும் என்று எழுதிக்கொண்டு வந்திருந்தான். பாபநாசத்தில் ஆற்றுத் தண்ணீர் விழுகிற வேகத்திலேயே பஞ்சாலை ஓடுவதைப் பார்த்த நாள் முதல் அவனுக்கு இஞ்சினீயர் பைத்தியம். இந்தப் பாடங்களை இப்போது விட்டால் காலேஜில் இன்டர்மீடியட்டுக்குக் கணக்குப் பிரிவு கிடைக்காது. அது இல்லாமல் இஞ்சினீயர் காலேஜ் வாசலை மிதிக்க முடியாது. தாளை மறுநாள் காலையில் கொடுத்தாக வேண்டும்.

பெரியப்பா முதலில் அரை மனசாகச் சம்மதித்துத்தான் இருந்தாராம். கெடுத்தது கொம்பையா. வயலையும் பார்த்துக்கொண்டு, அண்ணனுக்குப் பள்ளிக்கூடத்துக்குச் சோறும் கொண்டு போகிறவன்.

"நான் கண்ணால கண்டேன் ஐயா. வாத்தியார் ஒரு கறுப்புக் கம்ப வச்சுக்கிட்டு, பூனைத்தோலால தேயி தேயின்னு தேய்க்காரு. வரிப்பூனை. முடிகூட அப்படியே இருக்கு!"

"ஏலே, நெசமா?" என்று பெரியப்பா அண்ணன் பக்கம் திரும்பினார்.

"நெசந்தான்ப்பா. அப்படித் தேய்ச்சா மின்சாரம் உண்டாகும்."

"சிவ சிவா! முட்டைன்னு சொன்னாலே வாய் கொப்புளிக்குத வீடுலே இது. நீறு பூசுத கையால பூனைத்தோலத் தொடுவியோ?"

"அவன் என்ன பூனையத் திங்கவா போறான்?" என்று உள்ளேயிருந்து பெரியம்மை குரல் கொடுத்தாள்.

"நீ சும்மா இரு. இந்தப் பாடத்துக்கு என் கையெழுத்துக் கிடையாது!"

அண்ணன் முகம் சுண்டிப்போயிற்று. ஆனாலும் விடவில்லை. "பூனைத்தோலே வேண்டாம்ப்பா. கண்ணாடியப் பட்டால தேய்ச்சாலும் மின்சாரம் வரும். அதப் பக்கத்துல கொண்டு போனா உமி தானா எந்திரிச்சு வந்து ஒட்டும்."

"பட்டா?" பெரியப்பாவின் குரல் இறங்கியது. பட்டு சுத்தமாயிற்றே, பூசைக்கே அதைத்தானே கட்டுகிறார். எத்தனை புழுவை வெந்நீரில் போட்டு அந்த நூலை எடுத்தார்கள் என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. அண்ணனுக்குத் தெரிந்திருக்கும், வாயைத் திறக்கவில்லை.

"சரி, காட்டு பாப்போம். உமி எந்திரிச்சா கையெழுத்து. எந்திரிக்கலன்னா சரித்திரம். பொறவு பேச்சு மாறக் கூடாது."

பெரியம்மை ஓடிப்போய்ப் பூசைப் பட்டைக் கொடியிலிருந்து உருவிக்கொண்டு வந்தாள். நான் விளக்கின் கண்ணாடிச் சிம்னியைக் கரி போகக் கழுவித் துடைத்துக் கொடுத்தேன். தாம்பாளத்தில் ஒரு பிடி உமி. அண்ணன் தேய்த்தான், தேய்த்தான், நெற்றி வியர்க்கத் தேய்த்தான். சிம்னியை உமிக்கு மேலே பிடித்தான். உமி கிடந்த இடத்திலேயே கிடந்தது. இன்னொரு தரம். ஊஹூம்.

"பூனைக்குக் கோவம் போல ஐயா" என்றான் கொம்பையா.

பெரியப்பா எழுந்து மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். "சரித்திரம்னு எழுதிருலே."

அண்ணன் பட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அழுகிறான் என்று நினைத்தேன். சட்டென்று நிமிர்ந்தான். "அம்மா, பட்டு சிலுசிலுன்னு இருக்கே! சாரல் ஈரம்! ஈரம் இருந்தா மின்சாரம் நிக்காது. தணல் கொண்டா, சீக்கிரம்!"

வெளியே நாலு நாளாக விடாத சாரல். கொடியில் கிடந்த துணி எப்படிக் காயும்? அன்று செவ்வாய்க்கிழமை, சாம்பிராணி போடத் தூபக்காலில் தணல் தயாராக இருந்தது. பெரியம்மை அதைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். பட்டை அவள் ஒரு பக்கம், என் அம்மை ஒரு பக்கம் விரித்துப் பிடித்துச் சூடு காட்டினார்கள். சிம்னியையும் பையக் காட்டி எடுத்தான் அண்ணன். பெரியப்பா போகவில்லை, வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அண்ணன் தேய்த்தான். பட்டு மொரமொரவென்றது. சிம்னியை இறக்கினான்.

உமி குதித்தது! ஒன்று, இரண்டு, பிறகு பொலபொலவென்று எழும்பிக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. நான் கூச்சல் போட்டேன். கொம்பையா இரண்டு எட்டுப் பின்னால் போனான். "ஐயா, இது பூனை வேலையில்ல!"

"இங்கன கொண்டாலே." பெரியப்பா சிம்னியைப் பிடுங்கித் தாமே தேய்த்தார். முழங்கைப் பக்கம் கொண்டு போனார். நரைத்த முடியெல்லாம் எழுந்து நின்றது. சிறுபிள்ளை மாதிரிச் சிரித்தார். பூசை நேரம் தாண்டியது அவருக்குத் தெரியவே இல்லை.

பேனாவை எடுத்த பிறகும் ஒரு நிபந்தனை போட்டார். "பூனைத்தோலத் தொட மாட்டேன்னு சொல்லு."

"பரீட்சையில கேட்டா எழுதணுமேப்பா."

"எழுது. தொடாத."

கையெழுத்து விழுந்தது. மறுநாள் காலையில் பெரியம்மை அந்தப் பட்டிலேயே ஒரு சாண் கிழித்து, தாளோடு சேர்த்து அனுப்பினாள். அந்த வருஷம் வகுப்பிலிருந்த சைவப் பிள்ளைகள் எல்லாம் அந்தத் துண்டைத்தான் இரவல் வாங்கித் தேய்த்தார்களாம்.

அண்ணன் திருநெல்வேலியில் இன்டர்மீடியட் முடித்தான், இஞ்சினீயர் காலேஜில் சேர்ந்தான், இஞ்சினீயரானான். முப்பது வருஷம் கால்வாயும் மதகுமாகக் கட்டினான். இப்போது பாளையங்கோட்டையில் இளைய மகள் தங்கத்தாய் வீட்டில் இருக்கிறான்.