அப்பா எழுந்து கொடுத்த நாற்காலி

அப்பா ஆண்டவரிடம் போய் ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்களுக்கு அவருடைய பொறுமை தெரியும். மகளான என் கோபமும் தெரியும். இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

நெல்லிக்குப்பத்தில் பிறந்து, சர்க்கரை ஆலையில் உழைத்து, தங்கைகள் இருவரையும் கரையேற்றிய பிறகே தமக்குக் கல்யாணம் செய்துகொண்டவர் அப்பா. தமக்கென்று அவர் ஆசைப்பட்டு நான் கண்டது ஒன்றுதான். பெரிய வியாழன் பூசையில், இயேசு சீடர்களுக்குச் செய்ததை நினைத்துப் பங்குச்சாமியார் பன்னிரண்டு பேருக்குப் பாதம் கழுவித் துண்டால் துடைப்பாரே, அந்த வரிசையில் ஒரு முறை உட்கார வேண்டும்.

கடலூருக்குக் குடிவந்து பல வருடம் கழித்து அவர் பெயர் வந்தது. ஒரு வாரம் பித்தவெடிப்பைக் கல்லில் தேய்த்தார். "ஒங்கள பொண்ணு பாக்கவா வராங்க?" என்று அம்மா கேலி செய்தார்.

அன்று பீடத்தின் முன் நாற்காலி பன்னிரண்டு, ஆட்கள் பதின்மூன்று. எங்கள் தெருக் கிறிஸ்தவக் குடும்பங்கள் சேர்ந்த அன்பியத்திலிருந்து தவறுதலாக இரண்டு பெயர் போயிருந்தது. இடமில்லாமல் நின்றவர் அம்மாவின் தம்பி, என் மாமா. கோயில் பக்கமே வராமலிருந்து அன்றுதான் வந்திருந்தார். முகம் செத்துப்போய்த் திரும்பிப் போகப் பார்த்தார். அப்பா எழுந்துவிட்டார்.

"மச்சான், நீ ஒக்காரு. நான் தண்ணி ஊத்துறேன்."

செம்பை வாங்கிப் பன்னிரண்டு பேருக்கும் ஊற்றினார். வீட்டுக்கு வந்ததும் கத்தினேன். "ஒங்களுக்கு வருத்தமே இல்லியாப்பா?"

"இருக்கும்மா. ஆண்டவர்கிட்ட சொல்லிட்டேன். அவன் அப்படியே போயிருந்தா மறுபடி வருவானா?"

அந்த வாய்ப்பு அப்பாவுக்குத் திரும்ப வரவேயில்லை. மாமாவுடன் நான் பேச்சையே நிறுத்திவிட்டேன்.

பக்கவாதம் வந்த பிறகு அப்பா சிதம்பரத்தில் என் வீட்டில் இருந்தார். மாமா வாரம் தவறாமல் பஸ் ஏறி வருவார். ஒருநாள் வெந்நீர் கேட்டார். பேசாமல் வைத்தேன். தரையில் உட்கார்ந்து அப்பாவின் பாதங்களைக் கழுவினார்.

"சூடு ஜாஸ்தியா மாமா?" என்று அக்காள் கணவரான அப்பாவிடம் கேட்டார்.

அப்பா இல்லையென்று தலையசைத்துச் சிரித்தார். நான் கதவருகே நின்று அழுதேன். அன்றும் மாமாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

அப்பாவைப் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும், வீடு தேடி நற்கருணை கொண்டுவந்த சாமியாருக்கும், அவரைத் தூக்கி உட்காரவைத்த பக்கத்து வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றியோடிருக்கும்.

வரும் பெரிய வியாழனுக்கு மறுபடியும் மாமாவை உட்காரச் சொன்னார்களாம். "நாற்காலி வேணாம், எங்க மாமா புடிச்ச செம்பக் குடுங்க, போதும்" என்றாராம்.

மாமா, என்னை மன்னித்துவிடுங்கள். துண்டை நான் பிடிக்கிறேன்.