வெல்டன் மறைத்த காட்டுப்பாதை

கின்சிக் ஆற்றங்கரையில் எர்லன்ரோட் என்று ஓர் ஊர் இருந்தது. அந்த ஊர்ப் பிள்ளைகள் அம்மா என்று சொல்லப் பழகும் முன்பே ஒரு பொய்யைச் சொல்லப் பழகிவிடும். சீருடை போட்ட எவனாவது வந்து, காட்டுக்குள் போகும் அந்த வழி என்ன வழி என்று கேட்டால், "அதுவா, ஆட்டுத்தடம். ஆடே வழுக்கி விழும்" என்று சொல்ல வேண்டும். தொட்டிலில் கிடக்கும் குழந்தைகூடச் சீருடையைக் கண்டால் தலையை இடவலமாக ஆட்டும் என்று பக்கத்து ஊர்க்காரர்கள் சத்தியம் செய்வார்கள்.

காடு கோமகனுடையது. ஊராருக்குக் காய்ந்த சுள்ளி பொறுக்க மட்டுமே அனுமதி. சுள்ளியை எரித்து அந்த ஊர்க் குளிரைத் தாண்ட முடியுமா? அதனால் சதுப்பின்மேல் இளமரங்களை வெட்டி நெருக்கமாகக் குறுக்கே அடுக்கி, மேலே மண்ணும் சருகும் தூவி, ஒரு வண்டிப்பாதையே போட்டுவிட்டார்கள். முழு ஓக் மரத்தை ஏற்றிய வண்டியும் அதில் அமுங்காது. மரம் வெட்டிக் கடத்தும் வேலை நடப்பது ஞாயிற்றுக்கிழமை, வழிபாட்டு நேரத்தில். வனக்காவலர் டோர்ன் பக்திமான். முதல் வரிசையில் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். மரம் பெரியதாக இருந்தால் பாதிரியார் பிரசங்கத்தை நீட்டுவார். அவர் வீட்டிலும் அடுப்பு இருந்தது.

இந்தத் திருட்டில் கைதேர்ந்தவன் வண்டிக்காரன் வெல்டன். அகன்ற தோள், சாதுவான முகம். தன் இரண்டு எருதுகளின் குளம்புகளுக்கும் கம்பளிக் காலுறை மாட்டித்தான் காட்டுக்குள் ஓட்டுவான். ஒரு தடவை டோர்னின் வேலியோரமாகவே மரத்தோடு போனான், அவர் வீட்டு நாய் தூக்கத்தில் வாலை ஆட்டியதாம்.

1813 அக்டோபர் கடைசியில் ஊருக்குள் பவேரியப் படை வந்து இறங்கியது. லைப்சிகில் தோற்ற பிரெஞ்சுச் சக்கரவர்த்தி, மிச்சப் படையோடு காட்டு வழியாக ரைன் நதியை நோக்கித் திரும்பிக்கொண்டிருந்தார். காட்டுக்கும் ஆற்றுக்கும் நடுவில் நின்று அவரை மறிக்க வந்தவர்கள் இவர்கள். அந்த மாதத் தொடக்கம்வரை இவர்கள் அவருடைய கூட்டாளிகள்தான்.

"நாளைக்கு எந்தப் பக்கமா சுடுவீங்க? இன்னைக்கே முடிவு பண்ணியாச்சா?" என்று வெல்டனின் மனைவி லிஸ்பெத் கேட்டாள்.

அவர்கள் வீட்டு மேசையில் கறுப்பு ரொட்டியும் ஆப்பிள் மதுவுமாக உட்கார்ந்திருந்த லெப்டினன்ட் ஐஹிங்கர் சிரித்துவிட்டான். மீசை சரியாக முளைக்காத வயது. "காலையில எழுந்ததும் கேட்டுட்டுச் சொல்றேங்கம்மா" என்றான். பிறகு வரைபடத்தை விரித்து வெல்டனைப் பார்த்தான். "ஐயா, பெரிய சாலையில எங்க பீரங்கியெல்லாம் தயாரா இருக்கு. என் ஆளுங்களை இந்தத் தெற்குப் பக்கம் நிறுத்தச் சொல்லியிருக்காங்க. இங்க காட்டுக்குள்ள ஒரு கோடு தெரியுதே, இதுல பீரங்கி வண்டி வருமா?"

"அதுவா, ஆட்டுத்தடம். ஆடே வழுக்கி விழும்" என்றான் வெல்டன்.

யோசித்துச் சொல்லவில்லை. தும்மல் மாதிரி வந்துவிட்டது. லிஸ்பெத் மேசைக்கடியில் உதைத்தாள். உதை லெப்டினன்ட் காலில் பட்டது. அவன் மரியாதையாகக் காலை இழுத்துக்கொண்டான்.

"அப்போ கவலை இல்லை. பீரங்கி எதுவும் இந்தப் பக்கம் வேண்டாம்னு சொல்லிடறேன். வண்டி ஓட்டுறவர் சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அவன் தலை மறைந்ததும் லிஸ்பெத் பிடித்துக்கொண்டாள். "யோவ், உனக்கு மூளை இருக்கா? அந்தப் பையன் என்ன வனக்காவலனா?"

"சீருடையைப் பார்த்ததும் வாய் தானா சொல்லிடுச்சுடி."

"போய்த் தானா திருப்பிச் சொல்லிட்டு வா. அங்க நிக்கப்போறது அவன்தான்."

வெல்டன் ஓடினான். ஆற்றோரம் லெப்டினன்ட் நின்றிருந்தான், பக்கத்தில் டோர்ன். காடு தெரிந்தவர் என்று அவரையும் அழைத்திருந்தார்கள். மரம் எந்த வழியாகப் போகிறது என்று ஆண்டுக்கணக்காகத் தேடி மூக்கு நீண்டுபோன மனிதர். வெல்டன் தொப்பியைக் கழற்றினான். உண்மையைச் சொன்னால் எருதுகள் போகும், சிறை வரும், ஊரே மாட்டும்.

"என்ன ஐயா?" என்றான் லெப்டினன்ட்.

"விறகு... ஆளுங்களுக்கு விறகு வேணுமான்னு கேட்க வந்தேன்."

"விறகா? உன்கிட்ட ஏதுப்பா விறகு?" டோர்ன் கண்ணைச் சுருக்கினார்.

"சுள்ளிதாங்க."

"ரொம்ப நன்றி ஐயா. நல்ல மனசு உங்களுக்கு" என்றான் லெப்டினன்ட்.

வெல்டன் திரும்பி நடந்தான். காலையில் தனியாகப் பார்த்துச் சொல்லிவிடலாம் என்று வழியெல்லாம் தனக்கே சொல்லிக்கொண்டான். காலையில் சொல்ல நேரம் இல்லை. பசியோடு காட்டுக்குள் வந்த பிரெஞ்சுக்காரர்கள் சருகின்மேல் கால் வைத்தார்கள். தரை கெட்டியாக இருந்தது. அவ்வளவுதான். பெரிய சாலையைப் பார்த்துப் பவேரியப் பீரங்கிகள் காத்திருக்க, ஆடு வழுக்கும் இடத்திலிருந்து பிரெஞ்சுப் பீரங்கிகள் வரிசையாக வெளியே வந்தன. வழிமறித்தவர்களுக்கு முதுகுக்குப் பின்னால் ஆறு. ஒரே பாலம். பாலத்தில் இடம் கிடைக்காதவர்கள் தண்ணீரில் விழுந்தார்கள். வெல்டன் தன் வீட்டு நிலவறையில் உருளைக்கிழங்கு மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து அந்தச் சத்தத்தையெல்லாம் கேட்டான்.

மறுநாள் பீரங்கி வண்டிகள் கிளறிப்போட்டிருந்த இளமரங்களை ஊரே பார்த்தது. டோர்னும் பார்த்தார். இத்தனை காலம் தன் மூக்குக்குக் கீழே ஒரு பாதை கிடந்தது என்று ஒப்புக்கொள்வாரா மனிதர்?

"ஒரே நாள்ல பாதையே போட்டுட்டானுங்க!" என்று கோமகனின் ஆட்களிடம் கையை விரித்தார். "பிரெஞ்சுக்காரன் பிரெஞ்சுக்காரன்தான், என்ன சாமர்த்தியம்!"

ஊரார் ஆமாம் ஆமாம் என்றார்கள். இளமரங்கள் பாசி பிடித்துக் கறுத்திருந்ததை யாரும் குனிந்து பார்க்கவில்லை.

லெப்டினன்ட் ஐஹிங்கர் வெல்டனின் வைக்கோல் கொட்டகையில் கிடந்தான். இடது கை முழங்கைக்குக் கீழே இல்லை. அவனுடைய ஆட்களில் யாருமே திரும்பவில்லை. வெல்டன் சூப்புக் கிண்ணத்தோடு பக்கத்தில் குந்தினான்.

"மனசுல வெச்சுக்காதீங்க ஐயா" என்றான் லெப்டினன்ட். "நீங்க சரியாத்தான் சொன்னீங்க. அவனுங்க புதுசா பாதை போடுவானுங்கன்னு யாருக்குத் தெரியும்?"

வெல்டன் கிண்ணத்தை வைக்கோலில் வைத்தான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பான், இந்தச் சமாதானத்தைத் தாங்க முடியவில்லை.

"அவனுங்க போடலை. நாங்க போட்டது. மரம் திருட."

"என்ன?"

"வண்டி போகும்னு எனக்குத் தெரியும். அன்னைக்கு ஆத்தோரம் அதைச் சொல்லத்தான் வந்தேன். வனக்காவலர் நின்னாரு. விறகு வேணுமான்னு கேட்டுட்டுப் போயிட்டேன்."

 லெப்டினன்ட் மெதுவாக முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். "உங்க வீட்டம்மாவைக் கூப்பிடுங்க" என்று மட்டும் சொன்னான்.

அதன் பிறகு லிஸ்பெத் கையால்தான் தண்ணீர், லிஸ்பெத் கையால்தான் ரொட்டி. வெல்டன் உள்ளே வந்தால் லெப்டினன்ட் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொள்வான். பாதையைப் பற்றி டோர்னிடம் அவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

காயம் ஆறத் தொடங்கியதும் பக்கத்து ஹனாவ் நகர மருத்துவமனைக்கு அவனைக் கொண்டுபோக வேண்டியிருந்தது. ஊரில் வேறு வண்டி மிஞ்சவில்லை. எருதுகளுக்குக் காலுறை மாட்டாமல், எல்லாருக்கும் கேட்கும்படி வெல்டன் ஓட்டிப்போனான். லெப்டினன்ட் வண்டியின் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்துகொண்டான். கல்லில் சக்கரம் ஏறும்போதெல்லாம், "வலிக்குதா?" என்று கேட்க வெல்டனுக்கு நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை.

மருத்துவமனை வாசலில் ஒரு பணிப்பெண் ஓடிவந்து வண்டியைப் பிடித்தாள். "இவரு யாருங்க, உங்க அப்பாவா? முகத்தைப் பாருங்க, உங்களைவிட இவருக்குத்தான் வலி அதிகம் போல."

"இல்லை" என்றான் லெப்டினன்ட். "வண்டிக்காரர்."

அவள் தோள் கொடுக்க, அவன் இறங்கி உள்ளே போனான். வெல்டன் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, கதவு சாத்தும்வரை நின்றான். அப்புறமும் கொஞ்ச நேரம் நின்றான். பின்னால் வந்த வண்டிக்காரன் வழிவிடச் சொல்லிக் கத்திய பிறகுதான் எருதுகளைத் திருப்பினான்.