அட்டை இல்லாத மாத்திரை

முத்துச்செல்வி தென்காசிப் பக்கத்துக்காரி. 2012இல் ஒரகடத்தில் கார்களுக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் என்னோடு வேலைக்குச் சேர்ந்தாள். முதல் வாரம், ஹாஸ்டல் இருந்த படப்பையில் ஏறி ஒரகடம் கூட்டுரோடு வருவதற்குள் கம்பெனி பஸ்ஸில் மூன்று நாள் வாந்தி எடுத்தாள். ஐம்பது பேர் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். ஆமாம், நானும்தான்.

பிறகு ஹாஸ்டல் சாப்பாடு அவள் வயிற்றைக் கெடுத்தபோது, வெளியே ஒரு டாக்டர் வாந்தி நிற்க, நாக்கில் வைத்தால் கரையும் மாத்திரை மூன்று கொடுத்தார். மிஞ்சிய ஒன்றை பஸ்ஸில் போட்டுப் பார்த்தாள். அன்று வாந்தி வரவில்லை. அவ்வளவுதான், காலி அட்டையை மெடிக்கல் ஷாப்பில் காட்டி முழு அட்டையே வாங்கிவிட்டாள்.

ஒயர் கட்டும் லைனுக்குள் மாத்திரை அட்டை கொண்டுபோகக் கூடாது. அலுமினியத் துணுக்கு கனெக்டருக்குள் விழும் என்று வாசலிலேயே சோதிப்பார்கள். முத்துச்செல்வி அதற்கும் வழி கண்டுபிடித்தாள். ரூமிலேயே மாத்திரைகளைப் பிரித்து, கம்மல் வாங்கிய சின்னப் பிளாஸ்டிக் பையில் போட்டு யூனிஃபார்முக்குள் செருகிக்கொள்வாள். யாருக்குக் குமட்டினாலும் அவளிடம்தான் வருவார்கள். பார்த்துச் சிரித்தவர்களே "அக்கா, ஒண்ணு குடுங்க" என்று நின்றதில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அந்தப் பெருமையை நான் குறை சொல்ல மாட்டேன். இரண்டு முறை நானும் வாங்கிப் போட்டிருக்கிறேன்.

மறு வருஷம் சித்திரை வெயிலில் சுகப்பிரியா என்ற புதுப் பெண் சேர்ந்தாள். ஒருநாள் காலையிலிருந்தே அவளுக்கு வாந்தி. முத்துச்செல்வி பஸ்ஸில் ஒரு மாத்திரை கொடுத்தாள். வேர்வையில் ஊறி அது பாதி பொடியாகியிருந்தது. வாந்தி நிற்கவில்லை என்று டீ இடைவேளையில் இன்னொன்று, சாப்பாட்டுக்கு முன் மூன்றாவது. இரண்டு மணிக்கு சுகப்பிரியா லைனிலேயே மயங்கி விழுந்தாள். நானும் முத்துச்செல்வியும்தான் அவளை முதலுதவி அறைக்குக் கைத்தாங்கலாகக் கொண்டுபோனோம்.

கம்பெனி டாக்டர் புருஷோத்தமன் வாந்திக்கு ஊசி எடுத்துக்கொண்டே கேட்டார்.

"காலையிலேர்ந்து இன்னா மாத்திரை போட்ட?"

சுகப்பிரியா முத்துச்செல்வியைப் பார்த்தாள். "ஒண்ணும் போடல சார்."

உண்மை வெளியே வந்தால் முத்துச்செல்வியின் வேலை போய்விடும். அது எங்கள் மூவருக்குமே தெரியும். முத்துச்செல்வி தரையைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

"வேற எதுக்காச்சும் மருந்து சாப்புட்றியா?"

"நெஞ்சுத் துடிப்பு சரியில்லன்னு சின்னதுலருந்து ஒரு மாத்திரை சாப்பிடுதேன் சார்."

டாக்டர் கை நின்றது. அப்போதுதான் முத்துச்செல்வி உடைந்தாள்.

"சார், ஊசி போட்றாதீங்க! நான் மூணு மாத்திரை குடுத்துட்டேன்."

"இன்னா மாத்திரை? அட்டை எங்க?"

அவள் கம்மல் பையை நீட்டினாள். உள்ளே வெள்ளைப் பொடியும் ஒன்றரை வில்லையும். அதில் பேரும் இல்லை, அளவும் இல்லை. அட்டை ஹாஸ்டல் குப்பையில் கிடந்தது.

"நாக்குல வச்சா கரைஞ்சிரும் சார். பழ வாசனை வரும்" என்று அழுதாள்.

டாக்டர் ஊசியைத் தட்டில் வைத்தார். "இதுவும் நான் ஊசியில போட இருந்த அதே மருந்தாத்தான் இருக்கும். துடிப்புக் கோளாறு இருக்கறவங்களுக்கு இது ஆபத்தும்மா, அதுவும் மூணு! ஈரமில்லாத கையால, போடற நேரத்துல அட்டையப் பிரிச்சு நாக்குல வைக்கணும். டாக்டர் யாருக்கு எழுதினாரோ அவங்கதான் போடணும். பஸ்ஸுக்கான மாத்திரையே இல்ல இது" என்று சொல்லியபடியே ஆம்புலன்ஸுக்கு போன் போட்டார்.

ஆஸ்பத்திரியில் நெஞ்சில் ஒயர்களை ஒட்டி இரண்டு நாள் பார்த்தார்கள். நல்லவேளை, பிழைத்துக்கொண்டாள். உண்மையைச் சொன்னதற்காக முத்துச்செல்வியை எச்சரிக்கைக் கடிதத்தோடு விட்டார்கள். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. நானும் வலியப் போய்ச் சொல்லவில்லை.

இரண்டாம் நாள் இருவரும் பார்க்கப் போனோம். முத்துச்செல்வி வாசலிலேயே தயங்கினாள். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்று நான்தான் இழுத்துப் போனேன். எங்களைக் கண்டதும் சுகப்பிரியா எழுந்து உட்கார முயன்றாள்.

"யக்கா, உங்க வேலை போயிரலேல்லா?"

முத்துச்செல்வி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அழுதாள். போகவில்லை என்று நான்தான் சொன்னேன். சொல்லும்போது உடம்பே கூசியது.