கயையில் விட்ட பழம்

2019 ஜூன் 16, ஞாயிற்றுக்கிழமை. காலை நாலரைக்கு எழுந்தேன். தெருக்குழாயில் தண்ணீர் பிடித்து வைத்தேன். ஆறு மணிக்குக் கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தில் வேலையைத் தொடங்கினேன். நான் அங்கே டைம் கீப்பர். சின்னசேலம் வண்டி பத்து நிமிடம் தாமதம். அதைத் தவிர எழுதுவதற்கு ஒன்றும் இல்லை. பகல் இரண்டு மணிக்கு வேலை முடிந்ததும் ஞாயிறுதோறும் போவதுபோல அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணி ஒரு தட்டில் மாம்பழம் அறுத்து என் முன்னால் வைத்தார். எப்போதும் சொல்வதையே சொன்னார்.

“சாப்புடு தம்பி. உனுக்குத் தடையில்ல.”

அந்தச் சமையலறையில் எனக்கு எதிரே ஓர் அலமாரி உண்டு. அதன் மேல்தட்டில் ஒரு சின்னப் பித்தளைக் கிண்ணம் இருக்கும். பலாப்பழம் அறுக்கும்போது கையில் பால் ஒட்டாமல் இருக்க நல்லெண்ணெய் தொட்டுக்கொள்வதற்கென்றே அண்ணி வைத்திருந்த கிண்ணம் அது. பதினோரு வருடமாக அதில் ரப்பர் பேண்டும் ஊக்கும் பேனா மூடிகளும்தான் கிடக்கின்றன. மாம்பழத் தட்டைக் குனிந்து பார்த்தே சாப்பிடுவது என் வழக்கமாகிவிட்டது. நிமிர்ந்தால் கிண்ணம் தெரியும்.

பதினோரு வருடத்துக்கு முன்பு, அண்ணன் பணி ஓய்வு பெற்ற வருடம், எங்கள் அப்பா அம்மாவுக்குக் கயையில் பிண்டம் போட வேண்டும் என்றார். பயணத் திட்டம் என் பொறுப்பு ஆனது. முதலில் ராமேஸ்வரம், அங்கிருந்து மணல் எடுத்துக்கொண்டு பிரயாகை, காசி, கயை, திரும்பவும் கங்கை நீரோடு ராமேஸ்வரம். எந்த ரயில், எந்தச் சத்திரம், எந்தப் படித்துறையில் எப்போது குளியல் என்று ஒவ்வொன்றையும் வண்டி அட்டவணை மாதிரி எழுதினேன். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு மகிழ்ச்சியாக எழுதியது வேறு எதுவும் இல்லை. தினமும் மாலையில் அதை எடுத்துக்கொண்டு அண்ணியின் சமையலறைக்குப் போவேன். அண்ணி வெங்காயம் உரித்தபடி கேட்டு, என் அட்டவணையில் ஓட்டை போடுவார்.

அண்ணி சாப்பாட்டுப் பிரியை. கோயிலைப் பற்றிப் பேசும்போது மற்றவர்களுக்குக் குரல் தாழும். அண்ணிக்குச் சாப்பாட்டைப் பற்றிப் பேசும்போது தாழும். உளுந்தூர்பேட்டையிலிருந்து வடக்கே லாரி ஓட்டிப்போகும் எங்கள் தெருக்காரர் ஒருவரிடம் அவர் எல்லாம் விசாரித்து வைத்திருந்தார். காசியில் விடியற்காலையில் கச்சோரியும் ஜிலேபியும். மண் குவளையில் லஸ்ஸி, மேலே ஆடை மிதக்க. கயையில் எள்ளை இடித்துச் செய்யும் தில்குட். விசுவநாதர் தரிசனத்துக்கு நான் ஒதுக்கிய காலை நேரத்தில் கச்சோரிக் கடையை நுழைக்கச் சொன்னார். நான் மறுத்தேன்.

“சாமி எங்க தம்பி பூடப் போறாரு? அங்கயேதான் இருப்பாரு. கச்சோரி ஆறிப்பூடும்.”

அண்ணன் கூடத்திலிருந்து, “இவ காசிக்கு வரல, கடத்தெருவுக்கு வர்றா” என்பார். “நாப்பது வருசமா நானே ஆக்கி நானே துன்னுக்கினு கீறன். ஒருத்தரு ஆக்கிப் போட்டு நான் உக்காந்து துன்னா அதுவும் புண்ணியந்தான்” என்பார் அண்ணி. நான் திரும்பவும் எழுதுவேன். ஒவ்வொரு மாற்றத்துக்கும் உள்ளுக்குள் எனக்குக் கொஞ்சம் எரிச்சல். எழுதியது எழுதியபடி நடக்க வேண்டும் என்பது என் தொழில் கொடுத்த புத்தி.

காசிக்குப் போனால் எதையாவது விட்டுவிட்டு வர வேண்டும் என்பது வழக்கம். உண்மையில் அதை விடுவது கயையில், அட்சய வடம் என்கிற ஆலமரத்தடியில். ஒரு காயோ பழமோ பெயர் சொல்லி விட்டால் ஆயுள் முழுக்க அதைத் தொடக் கூடாது. எங்கள் ஊரில் போய்வந்தவர்கள் பெரும்பாலும் சாமர்த்தியமாக விட்டவர்கள். அண்ணன் பாகற்காயும் விளாம்பழமும் விடப்போவதாகச் சொன்னார். இரண்டையும் அவர் தின்று நாங்கள் பார்த்ததில்லை. “நல்லவேளை வுட்டாருன்னு பாவக்கா உங்களுக்குக் கும்புடு போடும்” என்றார் அண்ணி. தான் என்றைக்கும் தின்னாத அத்திப்பழத்தை விடுவதாகச் சொல்லி அவரே சிரித்தார். அன்றைக்குத்தான் அவர் என் அட்டவணையில் மூன்றாவது முறையாகக் கை வைத்திருந்தார். நான் சிரிக்கவில்லை.

“பிடிச்சதை விட்டாத்தான் அண்ணி அது விட்டதுன்னு அர்த்தம். இல்லாட்டி எதுக்கு அவ்வளவு தூரம் போகணும்? நான் மாம்பழம் விடறேன். நீங்க பலாப்பழம் விடுங்க.”

அண்ணி உரித்துக்கொண்டிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தார். பிறகு பேச்சு வேறு எங்கோ போனது.

பலா அண்ணிக்கு வெறும் பழம் இல்லை. அது எனக்குத் தெரியும். அவர் பிறந்தது கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சிற்றூரில். அவருடைய அப்பா அங்கே மளிகைக் கடை வைத்திருந்தார். வீட்டுக்குப் பின்னால் பலா மரங்களும் வைத்தார். நிலத்தை ஒரே மகனுக்கு எழுதியபோது அண்ணி மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார். அப்போது அவருடைய அப்பா, கிணற்றோரத்து மரத்தில் முதலில் பழுக்கும் பழம் மட்டும் எப்போதும் மகளுக்கு என்று சொல்லியிருந்தார். அன்றிலிருந்து ஒவ்வோர் ஆனி மாதமும் அண்ணியின் அண்ணன் ஒரு பழத்தைச் சாக்கில் கட்டித் தோளில் சுமந்து மலைப் பஸ்ஸில் வந்து இறங்குவார். முதலில் பஸ் நிலையத்தில் நான் உட்காரும் கூண்டுக்கு வந்து, “டைம் கீப்பரே, உங்கண்ணி பழம் வந்துருச்சு” என்பார். அன்று மாலை அந்தக் கிண்ணத்தில் எண்ணெய் ஊற்றப்படும். அண்ணி அறுக்க, அவருடைய அண்ணன் எதிரே உட்கார்ந்து, முதல் சுளையை அண்ணி தன் வாயில் போட்டுக்கொள்ளும்வரை பார்த்துக்கொண்டிருப்பார். மலையில் யாருக்குக் கல்யாணம், யார் தேன் எடுத்தார்கள், சாமை விளைந்ததா என்ற பேச்செல்லாம் அதன் பிறகுதான்.

கயைக்குப் போனோம். தென்னாட்டிலிருந்து வருகிறவர்களுக்காகத் தமிழ் தெரிந்த பண்டிதர் ஒருவர் இருந்தார். பிண்டம் போட்டு முடித்து மரத்தடியில் வரிசையாக நின்றோம். எதை விடுகிறீர்கள் என்று அவர் கேட்டார். அண்ணன் பாகற்காய், விளாம்பழம் என்றார். அடுத்து அண்ணி. அவர் என் பக்கம் ஒருமுறை பார்த்தார். “பலா” என்றார். குரல் தெளிவாக இருந்தது. அடுத்து நான். மாம்பழம் என்று சொல்வதற்குத்தான் வாயைத் திறந்தேன். இன்னும் ஒரு மாதத்தில் சேலத்திலிருந்து மல்கோவா கூடை கூடையாக வந்து இறங்கும் என்பது அந்த நேரம் பார்த்து நினைவுக்கு வந்தது. “விளாம்பழம்” என்றேன்.

அண்ணி எனக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தார். நான் சொன்னது அவர் காதில் விழுந்தது. திரும்பும் வழியில் தில்குட் கடையில் எனக்கும் சேர்த்து வாங்கினார். ரயிலில் நான் பேச்சை மெதுவாக அந்தப் பக்கம் கொண்டுபோனபோது, “நீ சொன்னதுதான் தம்பி ரைட்டு. மாமியாருக்குன்னு வுடறது. வேணாத்தத வுட்டா அவங்களுக்கு இன்னாத்த போயி சேரும்?” என்றார். மாமியார் என்று அவர் சொன்னது என் அம்மாவை.

அந்தச் சித்திரையில் வந்த முதல் மாம்பழத்தை அறுத்து என் முன்னால் வைத்துத்தான் அந்த வாக்கியத்தை முதல் முறை சொன்னார். அதில் குத்தல் இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். இல்லை. எனக்குத் தடையில்லாத ஒன்றை எனக்குக் கொடுத்தார், அவ்வளவுதான்.

ஆனியில் அவருடைய அண்ணன் பழத்தோடு வந்தார். அண்ணி விஷயத்தைச் சொன்னார். அவர் சாக்கின் முடிச்சைப் பிடித்தபடியே நின்றார்.

“இன்னா பாப்பா சொல்ற? அப்பன் வச்ச மரத்த எந்தச் சாமி கேட்டுச்சு?”

“சாமி கேக்கல அண்ணே. நானாத்தான் குடுத்தன்.”

“குடுக்க வேற ஒண்ணுமே கெடைக்கலயா? பூசணிக்கா, பொடலங்கா ஒண்ணுமா வெளையல நாட்டுல? மரத்த வுட்டியா, எங்கள வுட்டியா? அத்தச் சொல்லு.”

நான் அங்கேதான் இருந்தேன். சொன்னவன் நான், அவரைக் கோபிக்காதீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் மணியைப் பார்த்து, மலை வண்டி புறப்படும் நேரம் ஆகிறது என்றேன். அவர் காப்பியைத் தொடாமல் எழுந்து போனார். பழத்தைத் தெருவில் பங்கிட்டுக் கொடுத்தோம். அடுத்த ஆனியில் அவர் வரவில்லை. அண்ணியும் மலைக்குப் போகவில்லை. “போனா பழத்த வப்பாங்க. வேணாம்னு எத்தினி தடவ சொல்றது?” என்றார். இப்படியே வருடங்கள் ஓடின.

நான் சும்மா இருந்துவிடவில்லை. திருக்கோவிலூரில் கோயில் குருக்கள் ஒருவரிடம் விட்டதைத் திரும்பப் பெற வழி உண்டா என்று கேட்டேன். தெரிந்தவரை இல்லை என்றார். மனம் கேட்காவிட்டால் அதே இடத்துக்குப் போய்க் கேட்டுப் பாருங்கள் என்றார். உடனே இரண்டாவது முறையாக ஒரு திட்டம் போட்டேன். இந்த முறை கச்சோரிக் கடை முதலிலேயே இருந்தது. அதை அண்ணியிடம் நீட்டினேன். அவர் முழுவதும் படித்துவிட்டுச் சிரித்தார்.

“திருப்பி வாங்கியாறதுக்கு அது இன்னா, பஸ்ல வுட்டுட்டுப் போன பையா தம்பி? உங்கூண்டுல வந்து கேட்டா எடுத்துக் குடுக்க?”

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். நான் மாம்பழம் தின்றுகொண்டிருந்தபோது அண்ணியின் போன் அடித்தது. மலையிலிருந்து அவருடைய அண்ணன் மகன். அப்பா போன வாரம் மரத்திலிருந்து விழுந்துவிட்டார், இடுப்பு எலும்பு முறிந்து சேலத்தில் வைத்தியம் பார்த்துத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறோம், அத்தையிடம் சொல்ல வேண்டாம் என்றார், சரியாகச் சாப்பிட மாட்டேன் என்கிறார் என்று சொன்னான். எந்த மரம் என்று அண்ணி கேட்டார். கிணற்றோரத்து மரம். இந்த வயதில் எதற்கு ஏறினார் என்று கேட்டார். அவன் சொன்னது போனுக்கு வெளியே எனக்கும் கேட்டது.

“வருசா வருசம் அவருதான் அத்த ஏறுவாரு. மொதப் பழத்த எறக்கி ரூமு மூலையில தனியா வைப்பாரு. அத்தை பழம், யாரும் தொடக் கூடாதும்பாரு. அழுகிப் போனப்புறம் மாட்டுக்குத்தான் போவும்.”

அண்ணி போனை வைத்தார். கடைசி மலை வண்டி எப்போது என்று என்னைக் கேட்டார். என் அண்ணனுக்கு மூட்டுவலி, மலைப் பாதை ஆகாது. நான் உடன் வருகிறேன் என்றேன். அண்ணி ஒரு புடவையைப் பையில் வைத்தார். பிறகு முக்காலி போட்டு ஏறி, அந்தக் கிண்ணத்தை எடுத்து, ரப்பர் பேண்டுகளை மேசையில் கொட்டிவிட்டு அதையும் பையில் போட்டார். என் தட்டில் பாதி மாம்பழம் மீதி இருந்தது.

கச்சிராயபாளையம் தாண்டி வளைவுகளில் வண்டி ஏறும்போது நிறுத்தத்துக்கு நிறுத்தம் பலாப்பழ மூட்டைகள் ஏறி இறங்கின. வண்டி முழுக்க அந்த வாசனை. அண்ணி ஜன்னலைச் சாத்தவில்லை, முகத்தையும் திருப்பிக்கொள்ளவில்லை. பொழுது சாய நாங்கள் போய்ச் சேர்ந்தோம். அவருடைய அண்ணன் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். பாதியாக இளைத்திருந்தார். மூலையில், சாக்கின் மேல், பழம் இருந்தது.

“காசிக்காரி வந்துட்டியா” என்றார், திரும்பாமலே.

“வந்துட்டன். மரம் ஏர்ற வயசா அண்ணே இது?”

“உனுக்கோசரம் ஒண்ணும் ஏறுல. நீதான் வுட்டவளாச்சே.”

“பின்ன யாருக்கு ஏறுன?”

அவர் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டார். பழம் இன்னும் ஒரு நாள் தாங்காது என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் மூக்கிலேயே தெரிந்தது.

மறுநாள் காலை, காப்பிகூடப் போடுவதற்கு முன்னால், அண்ணி முதலில் செய்தது இது. சாக்கோடு பழத்தைக் கட்டிலுக்கு அருகில் இழுத்துவந்தார். கிண்ணத்தில் நல்லெண்ணெய் ஊற்றினார். இரண்டு கையிலும் கத்தியிலும் தடவிக்கொண்டார். அவருடைய அண்ணன் தலையைத் திருப்பிப் பார்த்தார்.

“நீதான் துன்ன மாட்டியே?”

“துன்னத்தான் கூடாது அண்ணே. அறுக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லலயே.”

பழத்தைப் பிளந்து, ஒரு சுளையை எடுத்து, கொட்டையை நீக்கி, அவர் வாயில் வைத்தார். அவர் வெகுநேரம் மென்றார்.

“எப்படி கீது? இனிப்பு கம்மியா?”

“நீயே துன்னு பா…” என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டு, “கம்மியில்ல பாப்பா. அப்பா இருந்தப்ப இருந்த மாதிரியே கீது” என்றார். அண்ணி தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். அடுத்த சுளையை எடுத்து என் பக்கம் நீட்டினார்.

“சாப்புடு தம்பி. உனுக்குத் தடையில்ல.”

வாங்கிச் சாப்பிட்டேன். அண்ணி எண்ணெயும் பழச்சாறும் வழிந்த விரல்களைப் பழைய துணியில் ஒவ்வொன்றாகத் துடைத்துவிட்டு, தன் அண்ணனுக்கு அடுத்த சுளையை எடுத்தார்.