நாற்பத்து நான்காம் அளவுக் காலணி

சுவிட்சர்லாந்தின் தாவோஸில் பனிச்சறுக்கு ஸ்கீ வாடகைக் கடை நடத்தும் மெங்கா அக்கோலாவுக்கு முகங்கள் நினைவில் நிற்பதில்லை, கால்கள் நிற்கும். வாசலில் நுழைகிறவரை ஒரு பார்வை பார்த்தாலே முப்பத்தெட்டா நாற்பத்தொன்றா என்று சொல்லிவிடுவாள். எடையும் அப்படித்தான். ஸ்கீ பாதியில் கழன்றுவிடாமலும் விழும்போது காலை முறிக்காமலும் இருக்க, ஆளின் எடைக்குத் தக்கபடிதான் அதன் பிடியைத் திருக வேண்டும். கேட்டால் எல்லாரும் ஐந்தாறு கிலோவை விழுங்கிவிட்டுச் சொல்வார்கள். அவள் சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டு, தான் கணித்த எடைக்கே திருகி வைப்பாள். இருபத்திரண்டு வருஷத்தில் அவளுடைய ஸ்கீயால் ஒரு கால் முறிந்ததில்லை.

ஜனவரியில் ஒரு வாரம் மட்டும் கடை அவளுடையதாக இருக்காது. உலகத் தலைவர்கள் மாநாட்டுக்குக் கூடும்போது கடைத்தெருவே வேஷம் மாற்றிக்கொள்ளும். ரொட்டிக்கடை வங்கியாகும், பொம்மைக்கடை ஒரு நாட்டின் தூதர் வீடாகும், அக்கோலா கடை சூரிச்சிலிருந்து வரும் மக்கள்தொடர்பு நிறுவனத்தின் கூடமாகும். ஸ்கீயெல்லாம் நிலவறைக்குப் போகும். கடையோடு சேர்த்து மெங்காவையும் எடுத்துக்கொள்வார்கள். பனியில் நடந்து வருகிறவர்களின் காலணிகளை வாங்கி, எண் வில்லை கொடுத்து, நனைந்ததைக் காயவைத்துத் திருப்பித் தருவது அவள் வேலை. தலைக்கு மேல் ஹெலிகாப்டர், தெருவில் நகராத கறுப்புக் கார்கள், எல்லா மொழியிலும் அவசரம். அந்த வாரம் அவளுக்குத் திருவிழா.

நிறுவனத்தின் தலைவி ரேகுலா முதல் நாளே சொல்லிவிட்டாள்.

"மெங்கா, ஷூவை வாங்கு, சிரி, குடு. பத்திரிகைக்காரங்ககிட்ட வாயைத் தொறந்தே, அடுத்த வருஷம் எனக்கு வேற கடை."

"மலைக்குக் கீழேயிருந்து வர்ற சூரிச்சுக்காரிக்கு எங்க ஊர்ல வேற கடை கெடைக்குமாக்கும். சரி சரி, சிரிக்கிறேன்."

அந்த வருஷம் நிறுவனத்திடம் இருந்த வாடிக்கையாளர்களில் ஆகச் சிறியவள் ஐசுலு. கிர்கிஸ்தானின் நீர்ப் பொறியாளர். அவளுக்குத் தொலைக்காட்சியில் நான்கு நிமிடம் வாங்கித் தருவதாக ரேகுலா வாக்குக் கொடுத்திருந்தாள். மூன்று நாளாக அந்த நான்கு நிமிடத்தை ஒவ்வொரு பெரிய மனிதராக வந்து தட்டிக்கொண்டு போனார்கள். இன்று வியாழன். ஒரு மணிக்கு அவளை விமான நிலையத்துக்கு ஏற்றிப்போகக் கார் வந்துவிடும்.

மணி பதினொன்று இருபது. மாடியில் ரேகுலா மின்கலத் தொழிலதிபர் ஒருவரை யோரிஸுக்கு அறிமுகம் செய்துகொண்டிருந்தாள். யோரிஸ் பெரிய தொலைக்காட்சி ஒன்றின் நேர்காணல்காரர், உயரமான டச்சுக்காரர். காலணி அளவு நாற்பத்து நான்கு. கார் நகராததால் மெல்லிய நகரத்துக் காலணியோடு முழங்கால் பனியில் நடந்து வந்திருந்தார். அந்த ஜோடி, காலணி காயவைக்கும் கருவியின் வெந்காற்றுக் குழாய்களில் கவிழ்ந்திருந்தது. கீழே, மரப்பலகையில் ஐசுலு. அவளுடைய குதிகால் காலணி காலையில் பனியில் வழுக்கி உடைந்துவிட்டதால், மெங்கா தன் வாடகைப் பனிக்காலணியில் ஒரு ஜோடியை எடுத்து வந்திருந்தாள்.

யோரிஸ் படியிறங்கி வந்தார், காலுறையோடு.

"என் ஷூ, அம்மா. பதினொன்னு நாப்பதுக்கு நேரலை. பேட்டி குடுக்கவேண்டிய அமைச்சர் வேற கடைசி நேரத்துல வரலைங்கிறார்."

மெங்கா பலகையிலிருந்த ஐசுலுவைப் பார்த்தாள். ஓர் இடம் காலி. அவள் குழாயில் கைவைத்துப் பார்த்தாள். தோல் நன்றாகக் காய்ந்து கதகதப்பாக இருந்தது. ரேகுலாவின் குரல் மாடியில் கேட்டது. பேசக் கூடாது, சரி. மெங்கா பொத்தானை மறுபடி அமுக்கினாள். கருவி உறுமியது.

"இன்னும் ஈரம். பத்து நிமிஷம் ஆகும். அங்க உக்காருங்க."

இருந்தது ஒரே பலகை. யோரிஸ் ஐசுலுவின் பக்கத்தில் உட்கார்ந்து, அவளுடைய காலுறையைப் பார்த்துத் தன்னுடையதையும் பார்த்தார். இருவரும் சிரித்தார்கள். பொழுதுபோகாமல் அவர், "நீங்க எதுக்கு வந்தீங்க?" என்றார்.

ஐசுலு சட்டென்று நிமிர்ந்தாள். ரேகுலா எழுதிக் கொடுத்த அட்டை அவள் மடியில் இருந்தது. "மலைப்பகுதிச் சமூகங்களின் தாங்குதிறனை வலுப்படுத்தும் கூட்டு முயற்சிகளை..."

யோரிஸின் பார்வை கைப்பேசிக்குப் போய்விட்டது. போச்சு, எல்லாம் போச்சு என்று மெங்காவுக்குத் தோன்றியது. அவள் ஐசுலுவின் முன் மண்டியிட்டு, காலணியை மாட்டிவிட்டுக்கொண்டே பேசினாள். பத்திரிகைக்காரரிடம் பேசவில்லையே, ஐசுலுவிடம்தானே.

"ஐசுலு, எங்கிட்ட வர்றவங்க எடையைக் குறைச்சுச் சொல்லுவாங்க. நான் அதை நம்பித் திருகினா ஸ்கீ பாதியில கழண்டு கால் ஒடையும். அந்த அட்டை வேணாம். நெசமான எடை என்னன்னு சொல்லுங்க."

ஐசுலு அட்டையைத் திருப்பிப் போட்டாள்.

"எங்க ஊருக்கு மேல ஒரு ஏரி இருக்கு. பனிப்பாறை உருகி உருகி ரொம்பிடுச்சு. கரை பனிக்கட்டிதான். ஒடஞ்சா தண்ணி முதல் ஊருக்கு வர பதினேழு நிமிஷம். கீழ பதினோரு ஊர். ஊதுறதுக்கு அபாயச் சங்கு ஒண்ணே ஒண்ணு. அதுக்கு மின்சாரம் வர்ற கம்பி அந்த ஏரிக்கரை மேலதான் போகுது."

கைப்பேசி கீழிறங்கியது.

"கரை ஒடஞ்சா கம்பியும் அறுந்துடுமா?"

"ஆமா. சங்கு ஊதாது."

"பதினேழு நிமிஷமா?"

"நான் ஓடிப் பாத்தேன். என் அம்மாவைக் கூட்டிக்கிட்டு மேட்டுக்கு ஏற இருபத்தஞ்சு."

யோரிஸ் எழுந்துவிட்டார். "கேமரா முன்னாடி இதையே சொல்லுவீங்களா? அந்த அட்டையை மட்டும் எடுத்துட்டு வராதீங்க. திறந்தவெளி ஸ்டூடியோ தெருக்கோடியில. இப்பவே ஓடணும்."

"உங்க ஷூ," என்றாள் மெங்கா.

"காயலைன்னீங்களே?"

அவளால் இப்போது காய்ந்துவிட்டது என்று சொல்ல முடியவில்லை. நிலவறைக்கு ஓடி, தான் வாடகைக்கு விடும் பனிக்காலணியில் நாற்பத்து நான்காம் அளவைத் தூக்கிக்கொண்டு வந்தாள். முழங்கால் வரை ஏறும், இளஞ்சிவப்புப் பட்டை போட்டது. அவர் முகம் சுளிக்கக்கூட நேரமில்லை. இருவரும் கார்களுக்கு இடையில் பனியை உதைத்துக்கொண்டு ஓடினார்கள்.

பதினொன்று நாற்பத்தொன்றுக்குக் கூடத்தின் பெரிய திரையில் ஐசுலு தெரிந்தாள். பின்னால் மலை, முன்னால் மூச்சுப் புகை. பதினேழு என்ற எண்ணை அவள் சொன்னபோது, மாடியிலிருந்து இறங்கிவந்த மின்கலத் தொழிலதிபர் படியிலேயே நின்றுவிட்டார். நான்கு நிமிடம் ஒன்பதானது. கேமரா ஒரு தடவை பின்வாங்கியபோது இருவர் காலிலும் 'அக்கோலா' என்று எழுதிய வில்லை ஆடியது.

ரேகுலா மெதுவாகத் திரும்பினாள்.

"யோரிஸ்கிட்ட யாரு பேசினது?"

"நான் பேசலை," என்றாள் மெங்கா. "ஷூவைக் காயவெச்சேன்."

ரேகுலா குழாயிலிருந்த காலணியைத் தொட்டுப் பார்த்தாள். அடுப்பில் வைத்த பாத்திரம் போலச் சுட்டது. வெடுக்கென்று கையை எடுத்துக்கொண்டாள். ஏதோ சொல்ல வாயெடுத்தபோது தொழிலதிபர் குறுக்கிட்டார்.

"அந்தம்மா வண்டி ஏறறதுக்கு முன்னாடி நான் பாக்கணும். அந்தச் சங்குக்குக் கம்பி எதுக்கு? என் பேட்டரி போதுமே."

"மெங்கா," என்றாள் ரேகுலா, "அவரோட ஷூ எங்க?"

"நாப்பத்தி ரெண்டு, மூணாவது தட்டு," என்று சொல்லிக்கொண்டே மெங்கா எடுத்து நீட்டினாள். "இது காஞ்சிருக்கு. ஓடலாம்."