ஒரே பிரிட்ஜை விற்ற நான்கு பேர்

புலம்பெயர்ந்து வந்த டண்டினொங்கில் நான் பதினேழு வருடம் வேலைக்கு நின்ற மின்சாரப் பொருள் கடையில் ஒரு விற்பனையாளர் தேவைப்பட்டார். வந்த விண்ணப்பங்களில் நான்கு சீவிகளை, அதாவது தன்விவரக் குறிப்புகளை, மனேஜர் கிரெக் ஒருநாள் காலை என் முன் பரப்பினார். நான்கிலும் ஒரே வரி: ‘சுடவைக்கும் கேத்தில் வாங்க வந்தவருக்கு பிரிட்ஜ் விற்றேன்.’ அந்த மனுசனுக்குக் கடைசிவரை கேத்தில் கிடைத்ததா இல்லையா என்று கேட்டுவிட்டு, நான்கையும் குப்பைக்கூடையில் போட்டார்.

நான்கையும் எழுதியது நான்தான்.

எங்கள் ஆட்களுக்குச் சும்மா சீவி எழுதிக் கொடுப்பது என் பொழுதுபோக்கு. எந்தச் சீவியையும் சீவிச் சிங்காரித்துவிடுவேன். அந்த வரி மன்னாரிலிருந்து வந்த ஜெசிந்தாவுடையது. ஊரில் கடையில் நின்றபோது, கேத்தில் கேட்டவரிடம் எதற்கு என்று விசாரித்திருக்கிறார். பிள்ளையின் பால் திரையாமல் அடிக்கடி சூடாக்க என்றாராம். அப்படியென்றால் உங்களுக்குத் தேவை பிரிட்ஜ் என்று இவர் காட்டியிருக்கிறார். கதை எனக்குப் பிடித்துப்போய், வேறு மூன்று பேரின் சீவியிலும் சொருகிவிட்டேன். நால்வரும் என் கடைக்கே விண்ணப்பிப்பார்கள் என்று யார் கண்டது?

மற்ற மூவருக்கும் கையில் வேலை இருந்தது. ஜெசிந்தா இரண்டு வருடமாகக் குளிர்க் களஞ்சியத்தில் பெட்டி அடுக்கி, விரல் மடங்காமல் திரிந்தார். கடை வேலைக்கு எத்தனையோ இடத்தில் கேட்டும் பதில் இல்லை. என் கெட்டித்தனத்தால் இதுவும் போகப்போகிறது. வெட்கத்தை விட்டு கிரெக்கிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நால்வரில் ஒருவர் உண்மையாகவே விற்றவர் என்றும் சொன்னேன். யாரென்று சொல்ல வேண்டாம் என்று தடுத்தவர், போனை ஸ்பீக்கரில் போட்டு, நால்வரையும் ஒவ்வொருவராக அழைத்து அந்த பிரிட்ஜைப் பற்றிக் கேட்டார்.

முதலாமவர், அது ‘டீம் வேர்க்’ என்றார். இரண்டாமவர், எந்த பிரிட்ஜ் என்று திருப்பிக் கேட்டார். மூன்றாமவர் லைன் கிளியர் இல்லை என்று வைத்துவிட்டார். அடுத்த நிமிடமே என் போன் அடித்தது; அவர்தான். பதற்றத்தில் நானும் ஸ்பீக்கரை அழுத்திவிட்டேன்.

“அண்ணை, நான் வித்த பிரிட்ஜ் என்ன கலர்?”

கிரெக்குக்குத் தமிழ் தெரியாது. ஆனால் பிரிட்ஜும் கலரும் தெரியும்.

கடைசியாக ஜெசிந்தா. அந்த வரி முழுக்கச் சரியில்லை, மன்னிக்க வேண்டும் என்று தொடங்கினார். அந்த ஆள் அன்று கேத்திலைத்தான் வாங்கிப் போனாராம். மறுநாள் மனைவியோடு வந்துதான் பிரிட்ஜை எடுத்தாராம். கிரெக் என்னைப் பார்த்துக்கொண்டே, அவரைத் திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொன்னார்.

விற்பனை வேலை தேடும் பிள்ளைகளே, போனில் திடீரென்று கேட்டால் நின்று பதில் சொல்லக்கூடியதை மட்டும் எழுதுங்கள். அது ஒரு வரியாக இருந்தாலும் போதும்.

போன வருடம் நான் ஓய்வு பெற்றபோது, என் இடத்துக்கு ஜெசிந்தா விண்ணப்பித்தார். சீவி எழுதித் தரட்டுமா என்று ஆசையாகக் கேட்டேன்.

“வேண்டாம் அண்ணை,” என்றார். “எனக்கு இந்த வேலை கட்டாயம் கிடைக்க வேணும்.”